மூன்றாவது பதிவு

கரண்ட் வந்தால் எங்கள் சந்தில் பிள்ளைகள் "மீ லாப்பி!" என்று கத்துவார்கள். லைட்டு வந்தாச்சு என்று ஊருக்கே சொல்லும் கூப்பாடு அது. அதைக் கேட்டால் காய்ச்சலில் கிடப்பவன்கூட எழுந்து ஓடுவான். ஒருத்தர் தண்ணி மோட்டார் போடணும், ஒருத்தர் சோற்றுப் பானையைச் செருகணும், இன்னொருத்தர் போனுக்குச் சார்ஜ் போடணும். எந்த நேரம் வரும், எந்த நேரம் போகும் என்று யாருக்குத் தெரியும்? பர்மாவில், எங்கள் தின்கன்ஜூன் பேட்டையில், பங்குனி வெயிலும் சேர்ந்துகொண்டால் மனுசன் வெந்தே போவான்.

காளியம்மா மட்டும் எதற்கும் ஓடமாட்டாள். அவள் கரி அடுப்புக்காரி. சந்து முனையில் ஒரு தோசைக்கல், ஒரு வடைச்சட்டி, நாலு பிளாஸ்டிக் ஸ்டூல், அவ்வளவுதான் கடை. ஆக்சிஜன் கிடைக்காமல் ஜனங்கள் செத்த அந்தக் கொரோனா வருசத்தில் அவள் புருசன் அய்யாசாமியும் போய்ச் சேர்ந்தான். சிலிண்டர் தேடிப்போன தங்கச்சி சத்யபாமா வெறுங்கையோடு திரும்பி வந்தபோது அண்ணன் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பலகை வீட்டில் மூன்றே பேர். அண்ணி காளியம்மா, கல்யாணம் தட்டிப்போன நாத்தனார் பாமா, பதினேழு நடக்கிற மகன் கணேஷ்குமார். இவள் கடையும் அவள் சம்பளமும் சேர்ந்தால் அரிசி வாங்கலாம். ஒன்று குறைந்தாலும் பாடுதான்.

கணேஷ் நல்ல பிள்ளைதான். வாய் மட்டும் பர்மா வாய். தமிழ் பேசினால் பாதியில் தடுமாறி சிரித்துவிடுவான். கரண்ட் இல்லாத ஒரு நாளில் கூட்டாளிகள் மூன்று பேர் செப்புக் கம்பி அறுக்கப் போனார்கள். இவன் டார்ச் பிடித்தான். கம்பியை அறுத்தவன்கள் ஓடிவிட்டார்கள், டார்ச் பிடித்தவன் மாட்டிக்கொண்டான். ஓடத் தெரியாதவன் எதற்கு அங்கே போகணும்? கோர்ட்டில் அந்த நீதிபதியம்மா இவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பையன்களை அடைக்கிற ஜெயிலுக்கு அனுப்பாமல் ஒரு வருசக் கண்காணிப்பில் வீட்டுக்கு விட்டார். பொழுது இறங்கினால் வீட்டுக்குள் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் ஆபீசுக்கு வந்து கைரேகை வைக்கவேண்டும். இவ்வளவுதான் கட்டளை.

அந்த ஆபீஸ் லான்மடாவில், அரிசி மண்டிக்கு மேல் மாடியில் இருந்தது. தலைவிதியைப் பாருங்கள், அங்கே கம்ப்யூட்டரில் பதிவு போடுகிற வேலைதான் பாமாவுக்கு. எட்டு வருசமாக ஊரான் வீட்டுப் பிள்ளைகளின் தப்பையெல்லாம் பதிந்தவள். இப்போது அண்ணன் மகன் பேரும் அதே திரையில் வந்து உட்கார்ந்தது.

அதற்கு ஆபீசில் சிஸ்டம் என்று பேர். வெளிநாட்டுக்காரர்கள் யாரோ வைத்துக் கொடுத்துவிட்டுப் போனது. சாயங்காலம் வீடுவீடாகப் போய்ப் பார்க்கிற பையன் கோ நாயிங் தன் போனில் 'வீட்டில் இல்லை' என்று தட்டுவான். நெட்டு கிடைக்கும்போது அது சிஸ்டத்தில் வந்து விழும். பாமா அதைத் திறந்து பார்த்து 'உறுதி' என்று அமுக்கணும். அமுக்காவிட்டாலும் ஆபீஸ் மூடும்போது அதுவே உறுதியாகிவிடும். விழுந்ததை அழிக்க ஒருத்தராலும் முடியாது. ஒன்று விழுந்தால் மஞ்சள், இரண்டு விழுந்தால் ஆரஞ்சு. மூன்று விழுந்தால் அந்தப் பேர் சிவப்பாகி, போலீசுக்கும் கோர்ட்டுக்கும் தானே தகவல் போய்விடும். அப்புறம் பதினெட்டு முடிகிறவரை பையன்கள் ஜெயில். பதினெட்டு முடிந்தபின் என்ன என்பதை இந்த ஊரில் ஆண்பிள்ளை பெற்றவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற காலம்.

பையன் உள்ளே இருந்தபோது காளியம்மா அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். என் பிள்ளையை வெளியே விடு, பங்குனியில் காப்புக் கட்டி உன் பூக்குழியில் இறக்குகிறேன் என்று. விட்டாயிற்று. பங்குனியும் வந்தாயிற்று.

காப்புக் கட்டினால் என்னென்ன முறை என்று நம் ஜனத்துக்குச் சொல்லவேண்டியதில்லை. மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் பூக்குழி இறங்கும்வரை கோயிலில்தான் படுக்கை. எல்லை தாண்டக்கூடாது. வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறக்கூடாது, கடுகு வெடிக்கக்கூடாது. காளியம்மா வடைச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். தோசையும் கிடையாது. வெறும் இட்லியும் தாளிக்காத சட்னியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "என்னம்மா, பயாஜோ இல்லையா?" என்று வடை கேட்டு வந்த பர்மாக்காரர்கள் ஸ்டூலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். யாவாரம் பாதியாகப் போனது. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

பாமாவுக்கு இதெல்லாம் தெரியாமலா நடந்தது? தெரிந்துதான் நடந்தது. அவளும் சரி என்றுதான் சொன்னாள். பர்மாக்காரப் பிள்ளைகள் கண்காணிப்பில் இருக்கும்போது போங்கி மடத்தில் போய்ப் புத்தச் சாமியாராக இருந்துவிட்டு வருவார்கள். அதற்குச் சிஸ்டத்திலேயே இடம் உண்டு. 'மடத்தில் இருக்கிறார்' என்று அமுக்கினால் வீட்டில் இல்லாதது குற்றமாகாது. போங்கி மடத்துக்கு உண்டென்றால் அம்மன் கோயிலுக்கு இல்லாமல் போகுமா என்று நினைத்தாள். சயாமா என்று எல்லாரும் கூப்பிடுகிற மேலதிகாரி டோ சான் யீயிடமும் வாயால் ஒரு வார்த்தை கேட்டாள். அந்தம்மா ஏதோ பைலைப் பார்த்துக்கொண்டே, "சாமி காரியமா, நல்லதுதானே, யா பா டே" என்றார். ஆகட்டும் என்கிற அந்த "யா பா டே"யை நம்பி, வெள்ளிக்கிழமைக் கைரேகைக்கும் ஒரு வாரம் விலக்குப் போட்டுவிடலாம் என்றே பாமா இருந்துவிட்டாள். சாமியையும் சர்க்காரையும் ஒரே வார்த்தையில் சமாளித்துவிட்டதாக அவளுக்கு நினைப்பு.

நாலு நாளாக நெட்டு செத்துக் கிடந்தது. வியாழக்கிழமை காலையில் அது உயிர்பெற்றபோது கணேஷின் பேர் ஆரஞ்சாக இருந்தது. இரண்டு பதிவு. இரண்டும் வீட்டில் இல்லை.

பாமா பதறிப்போய் 'மடத்தில் இருக்கிறார்' என்பதை அமுக்கினாள். மடத்தின் பதிவு எண்ணைக் கேட்டது. கோயிலுக்கு ஏது பதிவு எண்? பேட்டரிக் கடைக்கும் அரிசி மில்லுக்கும் நடுவில் நாலு தகரத்தைப் போட்டு நம் ஆட்கள் கும்பிடுகிற இடம் அது. 'வேறு காரணம்' என்று அமுக்கினாள். முன்கூட்டியே வாங்கிய அனுமதித் தாளை ஏற்றச் சொன்னது.

டோ சான் யீயிடம் ஓடினாள். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் சொன்னேன்தான். இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் தாளில் இல்லையே, பாமா."

"இப்போ எழுதிக் கொடுங்க சயாமா. நேற்றுத் தேதி போட்டு..."

"ஏற்றுகிற நேரத்தை அது பார்க்குமே. உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவனை எப்படியாவது கைரேகைக்குக் கூட்டிவா. இரண்டோடு நிற்கும். வாரத்துக்கு இரண்டு தடவைதானே வீட்டுப் பார்வை, அது முடிந்துவிட்டது."

பாமா அரை நாள் லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு சந்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. நேரே கோயிலுக்கு நடந்தாள்.

கோயிலில் மஞ்சள் வேட்டி கட்டிய பையன்கள் வரிசையாகச் சாக்கில் உட்கார்ந்து பச்சரிசிச் சோறும் தாளிக்காத பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கணேஷ் கடைசியில் இருந்தான். அத்தையைப் பார்த்ததும் கையை ஆட்டினான். காளியம்மா ஒவ்வொருத்தன் இலையாகப் பருப்பு ஊற்றிக்கொண்டு வந்தாள். பூசாரி செல்லையா, பகலெல்லாம் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர், விரலில் நீல பெயின்டோடு திரி திரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, செத்த இங்கிட்டு வாங்க."

"இங்கனயே சொல்லு. அம்மனுக்குத் தெரியாம நமக்குள்ள என்ன பேச்சு?"

"புள்ள வீட்டுல இல்லன்னு ரெண்டு தடவ விழுந்துருச்சு அண்ணி."

"எதுல விழுந்துச்சு?"

"சிஸ்டத்துல. கோ நாயிங் தட்டிட்டான்."

"அந்த ஒல்லிப் பயலா? கடைக்கு வந்தானே! காப்புக் கட்டியிருக்கு, கோயில்ல இருக்கான்னு சொன்னேனே. தலைய தலைய ஆட்டுனான். நாலு இட்லி தின்னுட்டு, சட்னி நல்லாருக்குன்னுட்டுப் போனான். தின்னுட்டு இப்பிடி எழுதுவானா?"

"அவன் என்னண்ணி செய்வான். போனுல வீடுன்னா வீடுதான். வந்தான்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? நீதான சரின்ட? உங்க சயாமா யா பா டேன்னுச்சுன்ட?"

பாமா கணேஷ் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு ஆபீசுக்கு வந்து கைரேக வைக்கணும். வைக்கலன்னா மூணு. மூணு விழுந்தா புள்ளைய எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க."

காளியம்மா பருப்பு வாளியைக் கீழே வைத்தாள். "எல்ல தாண்டச் சொல்றியா?"

"அவுத்து வச்சுட்டு வரட்டும்."

"என்னத்த அவுக்க? பாவாட நாடாவா?"

"அண்ணி..."

"ஏண்டி, உனக்குச் சாமி பயமே இல்லயா? புள்ளைய வெளிய விட்டது யாரு? உங்க ஆபீசா? அந்த ஜட்ஜம்மா முகத்துல வந்து உக்காந்து விடச் சொன்னது இவ. இன்னும் மூணே நாளு. வாங்கிக்கிட்டு ஏமாத்துனா சும்மா விடுவாளா? உங்க அண்ணன் போன மாதிரி இவனும் போவணுமா?"

"அண்ணன ஏன் இழுக்குறீங்க? அண்ணனுக்கு ஆக்சிஜன் கெடைக்கல."

"கெடைக்கலல்ல? ஊரு பூரா சுத்துனியே, கெடைச்சுச்சா? உன்னால என்ன முடிஞ்சுச்சு? எனக்கு இவள விட்டா யாரு இருக்கா, சொல்லு."

பாமா பூசாரி பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க. அவுக்க ஒரு வழி இருக்கும்ல?"

செல்லையா திரியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சாவு தொடக்குன்னா மஞ்சத்தண்ணி ஊத்தி அவுத்திருக்காங்க. ஆபீசுக்குப் போவணும்னு அவுத்தது எனக்குத் தெரிஞ்சு இல்ல. நான் கட்டி விடுறவன் தாயி. அவுக்க எனக்கு அதிகாரம் இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா எல்லாரும் எங்கிட்டத்தான வருவீங்க."

"அப்ப போலீசு வந்து கொண்டுபோனா எல்ல தாண்டுனதாவாதா?"

"அது அவ பாத்துக்குவா," என்றாள் காளியம்மா. "இங்க வச்சு எம்புள்ளய எவனும் தொட மாட்டான்."

"அண்ணி, உங்க கால்ல விழுறேன். நான் எட்டு வருசமா பாக்குறேன். செவப்பானா ஆனதுதான். ஒரு புள்ளகூட தப்பி நான் பாத்ததில்ல."

"நீ பாக்கல. அவ பாத்திருப்பா. எந்திரி. சோறு திங்கிற எடத்துல அழுவாத."

சாக்கில் உட்கார்ந்திருந்த கணேஷ் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இலையில் பருப்பு ஆறிப்போனது.

அன்று அண்ணியும் நாத்தனாரும் வீடு திரும்பினார்கள். கதவிடுக்கில் ஒன்றும் இல்லை, வந்து போனவர்களைப் பற்றிச் சொல்ல அக்கம்பக்கத்திலும் ஆள் இல்லை. கரண்ட் இல்லாத சந்தில் யார் யாரைப் பார்க்க முடியும்?

வெள்ளிக்கிழமை காலையில் பாமா ஆபீஸ் மாடி ஏறினால், பெஞ்சில் கணேஷ் உட்கார்ந்திருக்கிறான். மஞ்சள் வேட்டிக்கு மேலேயே ஒரு சட்டை. நெற்றியில் விபூதி. வெறும் கை. மணிக்கட்டைச் சுற்றி மஞ்சள் கறை மட்டும் இருந்தது.

"அடப்பாவி, யாருடா அவுத்தா?"

"பூசாரி மாட்டேன்னுட்டாரு அத்த. கத்தியும் தரல. நானே பல்லுல கடிச்சு அறுத்தேன். செம டைட்டு." சிரித்தான். "அம்மாட்ட சொல்லல. ஒரு கைரேகதான? வச்சுட்டு ஓடிப்போயி மறுபடி கட்டிக்கிறேன்."

"மறுபடி கட்ட மாட்டாங்கடா."

"அத்த, நீங்க அழுதீங்கள்ல நேத்து. எனக்கு ஒரு மாரி ஆயிருச்சு. எட்டு வருசமா பாக்குறேன்னு சொன்னீங்கள்ல? உங்களுக்குத் தெரியும்ல?"

பாமா அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஆபீசில் அப்படிச் செய்யக்கூடாது. செய்தாள். போதும், பிள்ளை தப்பித்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அண்ணி திட்டினால் திட்டட்டும், அடித்தால் அடிக்கட்டும்.

ஜெனரேட்டரைப் போட்டார்கள். சிஸ்டம் வரட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வந்ததும் முதல் ஆளாகக் கணேஷைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொன்னாள். கருவி ஒரு தடவை மறுத்தது, விரலில் மஞ்சள். சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். பச்சை டிக் விழுந்தது. "போய் உக்காரு, ஒரு கையெழுத்து வாங்கிட்டு அனுப்புறேன்" என்று அவனை வெளியே அனுப்பிவிட்டு டோ சான் யீயைக் கூப்பிட்டாள்.

அந்தம்மா வந்து திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கோ நாயிங்கின் போனிலிருந்து தேங்கிக் கிடந்ததெல்லாம் மளமளவென்று வந்து விழுந்தது. மூன்றாவது வரியில் கணேஷ். வியாழக்கிழமை, பொழுது இறங்கின நேரம். வீடு பூட்டியிருந்தது, சிறுவன் இல்லை. பச்சை டிக்குக்குப் பக்கத்தில் பேர் சிவப்பானது.

"நேற்று கோ நாயிங் எதற்குப் போனான்? இரண்டு முடிந்துவிட்டதே!" பாமா அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

டோ சான் யீ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இரண்டு தவறினால் மூன்றாவதாகப் போய்ப் பார்க்கணும் என்று போன மாதம் மாற்றினார்களே. எனக்கே மறந்துவிட்டது. அவன் கட்டளையைத்தான் செய்திருக்கிறான்."

நேற்றுச் சாயங்காலம். அதாவது இவள் கோயிலில் அண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். கணேஷின் கையில் கயிறு இருந்த நேரம். இவர்கள் இரண்டு பேரும் அவுக்கலாமா கூடாதா என்று அடித்துக்கொண்டபோதே காரியம் முடிந்துவிட்டிருந்தது.

"சயாமா, பையன் தானே வந்து உட்கார்ந்திருக்கான். பாருங்க, வெளியில இருக்கான். ஓடிப்போறவன் வருவானா?"

"எனக்குத் தெரிகிறது, பாமா."

"மேலே போன் போடுங்க."

போட்டார். மேலே இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பரிதாபப்பட்டார். கோர்ட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்றார். சிவப்பைப் பச்சையாக்க அவருக்கும் வழி தெரியவில்லை. ஒருத்தரும் கெட்டவர் இல்லை, அதுதான் இதில் பெரிய கொடுமை. ஒருத்தன் கெட்டவனாக இருந்திருந்தால் அவன் சட்டையையாவது பிடித்திருக்கலாம்.

"நீ உறுதி அமுக்காதே," என்றார் டோ சான் யீ. "உன் கையால் வேண்டாம். சாயங்காலம் அதுவே ஆகிவிடும்."

"அதுவே ஆனா குறிப்புப் பெட்டி வெறுமையா போயிரும் சயாமா. நான் அமுக்கினாத்தான் ரெண்டு வரி எழுதலாம்."

எழுதினாள். சிறுவன் வேண்டுதலுக்காகக் கோயிலில் இருந்தான், முன்பே வாய்மொழியாகச் சொல்லப்பட்டது, கைரேகைக்குத் தானாக வந்தான். இன்னும் எழுத இருந்தது, பெட்டி நிறைந்துவிட்டது. அவன் நல்ல பிள்ளை என்பதற்கு இடம் இல்லை. தன் கையாலேயே உறுதியை அமுக்கினாள்.

வெளியே போனபோது கணேஷ் எழுந்து நின்றான். "முடிஞ்சுச்சா அத்த? போலாமா?"

பாமாவுக்கு ஓவென்று கதறவேண்டும் போல இருந்தது. "பசிக்குதாடா?" என்று மட்டும் கேட்டாள். கீழே போய் ஒரு கிண்ணம் மொகிங்கா, மீன் சாறு ஊற்றின சேமியா, வாங்கி வந்தாள். மீனையும் வெங்காயத் தாளிப்பையும் பார்த்து அவன் தயங்கினான். அப்புறம் கயிறுதான் இல்லையே என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். பாதியில் போலீஸ்காரர்கள் படியேறி வந்தார்கள். அவர்களும் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றார்கள்.

பாமா வீட்டுக்கு வந்தபோது காளியம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். விசயம் அவளுக்கு முன்பே வந்துவிட்டது. கோயிலில் அறுந்து கிடந்த கயிற்றைப் பூசாரி காட்டியிருந்தார். போலீஸ் கொண்டுபோனதை ஆபீஸ் வாட்ச்மேன் போனில் சொல்லியிருந்தான். ஆட்டுக்கல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊறின அரிசி தீர்ந்துபோய் வெறும் கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அறுத்துட்டான்ல?"

"ஆமா அண்ணி."

"அறுத்தான். எல்ல தாண்டுனான். தாண்டுன ஒடனே புடிச்சிட்டாங்க. பாத்தியா? நான் சொன்னனா இல்லயா?"

பாமா வாயைத் திறந்தாள். இல்லை அண்ணி, அறுக்கிறதுக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது, நேற்றே, அவன் கையில் காப்பு இருக்கும்போதே, உங்க அம்மன் கண்ணுக்கு முன்னாலேயே. சொன்னால் தன் மேல் பழி இல்லை. சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

காளியம்மா கல்லை நிறுத்திவிட்டு நாத்தனார் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "காப்பு இருந்திருந்தா தொட்டிருக்க மாட்டாங்கல்ல? சொல்லு. நீ அறுக்கச் சொன்னதாலதான் இப்பிடி ஆச்சு. அதாலதான?"

"ஆமா அண்ணி," என்றாள் பாமா. "நான் சொன்னதாலதான்."

காளியம்மாவின் கை ஓங்கி அவள் கன்னத்தில் விழுந்தது. மாவுக் கை. அடித்தவளே அப்புறம் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பாமா பக்கத்திலேயே நின்றாள். கன்னத்தைத் துடைக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் காளியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி. தப்பு நம்ம பேருலதான. அப்பக் கேட்டுக்கலாம். தாய்தான அவ, மன்னிப்புக் கேட்டா விட்டுருவா. நானே காப்புக் கட்டி எறங்குறேன். எம்புள்ள வந்துருவான்." தட்டில் மஞ்சளும் சூடமும் எடுத்து வைத்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கினாள். இறங்கினவள் திரும்பிக் கேட்டாள்.

"வந்துருவான்ல, பாமா?"

"வந்துருவான் அண்ணி. நீங்க கேளுங்க."